அவருக்கு ஹாரன் கேட்காது

அக்கா, நான் இல்லக்கா. பஸ் நின்றதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு விசில் கேட்டது, டிரைவர் நிறுத்தினார், இறங்க ஆளில்லை, கண்டக்டர் தன் கையிலிருக்கும் விசிலையே திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு ஏன் நீங்கள் என் வாயைப் பார்க்கிறீங்க?

சரி, நான்தான். விசில் சத்தம் பழகி ரொம்ப நாளாகிறது, சும்மா சரியாக வருகிறதா என்று பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது.

இந்தப் பையை உங்கள் காலடியில் வைத்துக்கொள்ளட்டுமா? பெரிய பைதான். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவள் பை இப்படித்தான் இருக்கும். உள்ளங்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்க்காதீங்க, பிட்டு இல்லை, பரீட்சையெல்லாம் முடிந்துவிட்டது.

என் பெயர் சுபிக்‌ஷா. சுபி. பிளஸ் ஒன். போடிக்கு மேற்கே மேலச்சுனை என்று ஒரு ஊர், மலையடிவாரம். அங்கே என் தாய்மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். இப்போது திண்டுக்கல்லுக்கு, அம்மாவிடம், திருப்பி அனுப்பப்படுகிறேன். ஜவுளிக்கடையில் அளவு சரியில்லாத சட்டையைத் திருப்பிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. நீங்கள் தேவதானப்பட்டியில்தானே இறங்கணும்? அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

என் மாமா பெயர் வீரணன். அவரிடம் ஒரு ஃபோர் வீல் பிக்கப் இருக்கிறது. எங்கள் கோயில் கமிட்டித் தலைவர் சுருளியாண்டி அதைப் பார்க்கும்போதெல்லாம் இப்படிச் சொல்வார்: "அதாவது வீரணா... க்ஹும்... எல்லா வண்டிக்கும் நாலு வீலுதான் இருக்கு. அதாவது... இதுல நீ என்ன புதுசா பெருமைப்பட்டுக்கற?" இதுதான் அக்கா அவர் குரல். அந்த இருமலை அடித்தொண்டையிலிருந்து எடுக்க எனக்கு ரெண்டு வாரம் ஆனது. நாலு வீலும் சேர்ந்து இழுக்கிற வண்டி என்று மாமா எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். "அதாவது, மத்த வண்டியில மத்த ரெண்டு வீலும் சும்மாவா வருது?" என்று கேட்டார் தலைவர். 

அந்த பிக்கப்பின் பின்னால் ஒரு கொக்கி. அந்தக் கொக்கியில் மாட்டாத பொருள் எங்கள் அடிவாரத்தில் இல்லை. ஜெனரேட்டர், கலவை மிஷின், பாறை உடைக்கிற கம்ப்ரஸர், ஒரு தடவை ஒரு முழு ஐஸ்கிரீம் கடை. கடைக்காரர் பின்னாலேயே நடந்து வந்தார். ஏனென்றால் ட்ரெய்லரில் ஒரு ஈகூட உட்காரக்கூடாது என்பது மாமா சட்டம். ஈ உட்கார்ந்திருந்தால் விரட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் சாமி கும்பிடுகிற மாதிரி ஒரு பாட்டு உண்டு. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரல் மாமாவுக்கு: "கொக்கி. பின். சங்கிலி. லைட்டு. காத்து." ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொல்வார். சங்கிலி ரெண்டு, குறுக்காகப் போடுவார். "எதுக்கு மாமா பெருக்கல் குறி?" என்று கேட்டேன். "கொக்கி கழண்டா ட்ரெய்லரோட மூக்கு ரோட்டுல குத்தும் பாப்பா. குறுக்கால போட்டா சங்கிலி தொட்டில் மாதிரி மூக்கைத் தாங்கிக்கும்." அப்புறம் ஏற்றுகிற பாரத்துக்கு ஒரு கணக்கு. கனமான பக்கம் முன்னால், கொக்கியை ஒட்டி இருக்கணும். பத்துப் பங்கு எடையில் ஒரு பங்காவது கொக்கி மேல் உட்காரணும். பின்பக்கம் கனத்தால் ட்ரெய்லர் மீன் வால் மாதிரி ஆட ஆரம்பிக்கும், ஆடினால் பிரேக்கை மிதிக்கக்கூடாது, காலை எடுத்துவிட்டு ஸ்டீரிங்கை நேராகப் பிடிக்கணும். இதையெல்லாம் சோறு சாப்பிடும்போது சொல்வார். ரசம் ஊற்றும்போதும் சொல்வார்.

வேகம் நாற்பது. சைக்கிள்காரர்கள் முந்திப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே செத்துப்போவார்கள். அதனால் என் அத்தை, மாமா பெண்டாட்டி முத்துமணி, ட்ரெய்லரின் பின்பலகையில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதி வைத்தாள்: "அவருக்கு ஹாரன் கேட்காது."

கதையே இங்கேதான் அக்கா இருக்கிறது. ட்ரெய்லரை முன்னால் இழுப்பது பெரிய காரியமில்லை. ரிவர்ஸ்தான் கஷ்டம். வால் வலது பக்கம் போகணுமென்றால் ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடிக்கணும். அதிலும் நம் ஊரில் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே. எங்கிருந்துதான் வருவார்களோ, டீ குடிக்கிறவர், சவரம் பாதியில் எழுந்தவர், வேலையில்லாதவர், வேலை இருக்கிறவர், எல்லாரும் கையை ஆட்டுவார்கள். "வா வா வா!" "ஏய் ரைட்டு ஒடி!" "லெஃப்ட்டு, லெஃப்ட்டு!" "போதும்!" "எடம் கெடக்கு, வா!" மாமா அப்படியே உறைந்து போவார். யார் பேச்சையும் கேட்கமாட்டார். அத்தை பேச்சு ஒன்றுதான்.

அத்தை வீட்டுக்குள் மாமாவை "என்னங்க, வாங்க" என்பாள். ட்ரெய்லருக்குப் பின்னால் போய் நின்றுவிட்டால் ஆளே மாறிவிடுவாள். "வாய்யா... வா... வா... ஓடைப்பக்கம் ஒடி... அம்புட்டு வேணாம்... வீட்டுப்பக்கம் கொஞ்சம்... வா... நில்லுய்யா!" நில்லு என்னும்போது ட்ரெய்லர் பலகையில் உள்ளங்கையால் ஒரு தட்டும் விழும். இடது வலது அவள் சொல்லவே மாட்டாள். எங்கள் வீட்டுச் சந்தில்தான் ரெண்டு பேரும் முதல் முதலாகப் பழகினார்கள். சந்துக்கு ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் ஓடை. அதிலிருந்து உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் அவர்களுக்கு ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் ஓடைதான். கம்பத்துப் பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு அத்தை "ஓடைப்பக்கம் வா" என்று கத்தினால் பங்க்காரர் குனிந்து தன் காலடியைப் பார்ப்பார்.

எனக்கு அந்தக் குரல் அப்படியே வரும். பார்த்தீங்களா, இப்போதுகூட முன் சீட்டுப் பாட்டி திரும்பிப் பார்த்தார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று மாமா கலவை மிஷினைச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். அத்தை பின்னால் நின்றாள். நான் மாடியில் பாத்ரூம் ஜன்னலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அத்தை "நில்லு" என்று சொல்லப் போகிற நேரம், வாயில் நுரையோடு நான், அத்தை குரலில், "வாய்யா வா, எடம் கெடக்கு" என்றேன். ஒரு சோதனை. அவ்வளவுதான். வா என்று மட்டும்தான் சொன்னேன் அக்கா, இடி என்று சொன்னேனா?

கலவை மிஷின் போய் அத்தையின் புது வாஷிங் மிஷினை இடித்தது. வந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது, குழாய் மாட்ட ஆள் வரணும் என்று அட்டைப்பெட்டியோடு சந்தில் நின்றது. பதினெட்டு வருஷமாக அத்தை கேட்டுக் கேட்டு வந்த மிஷின். பெட்டிக்குள் ஒரு சத்தம் கேட்டது, ஏப்பம் விட்ட மாதிரி.

"நீதான வான்னு சொன்ன?" என்றார் மாமா.

"நான் நில்லுன்னேன். ட்ரெய்லரத் தட்டுனேன்ல?"

"நீ தட்டல. வான்னுதான் சொன்ன. என் காதுல விழுந்துச்சு."

"பதினெட்டு வருசமா கேக்குற கொரலு, எது என் கொரலுன்னு தெரியல உங்களுக்கு?"

"உன் கொரலுதான் சொன்னுச்சு!"

குரல் விஷயத்தில் ரெண்டு பேர் சொன்னதும் நிஜம். ரெண்டு பேரும் எதிரில் நின்றவர் பொய் சொல்வதாக நினைத்தார்கள். நான் வாய் கொப்பளித்தேன்.

அன்றிலிருந்து அத்தை மாமாவோடு பேசவில்லை. ட்ரெய்லருக்குப் பின்னாலும் போய் நிற்கவில்லை. இருபத்துமூன்று நாள். மாமா வந்த வேலையையெல்லாம் "ரிவர்ஸ் இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு வேண்டாம் என்றார். ரிவர்ஸ் இல்லாத வேலை உலகத்தில் ஏது? பிக்கப் வாசலில் நின்று அதன் மேல் முருங்கைப் பூ விழுந்து கிடந்தது.

அந்த இருபத்துமூன்று நாளும் வீட்டை ஓட்டியது நான்தான். அத்தை என்னிடம் சொல்வாள், "உங்க மாமாவுக்குச் சோறு வேணுமான்னு கேளு." மாமா அங்கேயே, நாலடி தூரத்தில்தான் இருப்பார். நான் திரும்பி அத்தை குரலில், "சோறு வேணுமா, இல்ல வாஷிங் மிஷின் அட்டையத் தின்னுக்கிறியா?" என்பேன். மாமா, "கொஞ்சமா போடச் சொல்லு" என்பார். நான் இந்தப் பக்கம் திரும்பி மாமா குரலில், "கொஞ்சமா போடச் சொல்லு, உப்பாவது ஒழுங்கா இருக்கான்னு பாக்கச் சொல்லு" என்பேன். கொஞ்சம் கூடச் சேர்த்தால்தான் பேச்சு மாதிரி இருக்கும். நான் மட்டும் இல்லையென்றால் அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இருந்திருக்காது. ஒரு நன்றி வந்ததா? இல்லை.

இப்போது யானை வருகிறது அக்கா. பஸ்ஸில் இல்லை, கதையில்.

எங்கள் ஊர் அம்மன் கோயில் மலை மேல். திருவிழாவுக்குக் கமிட்டி ஒரு மெஷின் யானை வாங்கியது. நிஜ யானை மாதிரியே. ரப்பர்த் தோல், காது ஆடும், தும்பிக்கை தண்ணீர் தெளிக்கும், வயிற்றுக்குள் பெரிய ஸ்பீக்கர். பெயர் சிங்காரி. தலைக்குள் அஞ்சு மோட்டார், இரும்புச் சட்டம், பேட்டரி எல்லாம். பின்பக்கம் வெறும் கூடு. லாரி அடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. மலைப்பாதையில் ஏறுவதற்கு மாமா வண்டியும் ட்ரெய்லரும்தான் உண்டு. ஏறுவது மட்டும்தானே, ரிவர்ஸ் இல்லையே என்று மாமாவும் சரி என்றார்.

மாமா யானையின் முகம் பிக்கப்பைப் பார்க்கிற மாதிரி ஏற்றச் சொன்னார். தலைதானே கனம், கனம் கொக்கிப் பக்கம் இருக்கணும் என்று.

தலைவர் குறுக்கே கையை நீட்டினார். "அதாவது... க்ஹும்... அம்மனோட யானை, உன் வண்டியோட பின்பக்கத்த மோந்துக்கிட்டே வரணுமா? அதாவது, ஊருக்கு என்ன மரியாத? பின்னாடி பால்குடம் வருது, மேளம் வருது. யானை மக்களப் பாத்துத்தான் வரணும்."

"தலைவரே, தலை பின்னாடி போச்சுன்னா வண்டி ஆடும்."

"சாமி யானை ஆடத்தான்யா செய்யும்!"

கூட்டம் குலவை போட்டுவிட்டது. குலவை போட்ட பிறகு எடைக் கணக்கு பேச முடியுமா? யானை திரும்பி நின்றது. மாமா கொக்கி, பின், சங்கிலி, லைட்டு, காத்து எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டீரிங்கில் உட்கார்ந்தார். ரெண்டு கண்ணாடியிலும் யானையின் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது அவருக்கு.

என் கையில் கார்ட்லெஸ் மைக். ஊரிலேயே சத்தமான வாய் என்று கமிட்டி ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது. யானை வயிற்று ஸ்பீக்கரில், ட்ரெய்லருக்குப் பின்னால் நடந்துகொண்டே, "பக்தகோடிகளே, வரிசையாக வரவும்" என்று ரேடியோக்காரர் குரலில் சொல்லிக்கொண்டு வந்தேன். அதற்குப் பின்னால் நூற்றியொரு பால்குடம். அதில் ஒன்று அத்தை தலையில்.

சமதளத்திலேயே சிங்காரி இடுப்பை ஆட்ட ஆரம்பித்தாள். மாமா காலை எடுத்து, நேராகப் பிடித்து, நடக்கிற வேகத்துக்கு வந்தார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது தலை கனம் பின்னால் இழுக்க, கொக்கி பிக்கப்பின் வாலைத் தூக்கியது. பின் வீல் ரெண்டும் மண்ணைச் சீய்க்க ஆரம்பித்தது, கோழி சீய்க்குமே அந்த மாதிரி. மாமா லோ கியரைப் போட்டார். முன் வீல் ரெண்டும் பிடித்துக்கொண்டது. தலைவரே பார்த்தார், மற்ற ரெண்டு வீலும் சும்மா வரவில்லை என்று. ஆனால் அதற்கு மேல் ஒரு அடி ஏறவில்லை.

மாமா இறங்கி வீலுக்குக் கல் வைத்தார். "அறுவது அடி கீழ எறங்கி, புளியமரத்துக்கிட்ட அகலமான எடத்துல யானையத் திருப்பி வச்சாத்தான் ஏறும்." தலைவர் இருமினார், சரி என்றார். கூட்டம் புளியமரத்துக்குக் கீழே ஒதுங்கி நின்றது.

அறுபது அடி. ரிவர்ஸ். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம்.

உடனே ஆரம்பித்தது அக்கா. மேளக்காரர், நாதஸ்வரம், பால்குடம் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள், நூத்தம்பது பேர். "வா வா வா!" "ரைட்டு!" "லெஃப்ட்டு!" "பாறை, பாறை!" மாமா ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கொரலு இல்லாம எடுக்க மாட்டேன்" என்றார். தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார். அத்தை பால்குடத்தைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தாள். தலைவர் போய், "அதாவது முத்துமணி..." என்றார். அவரையும் மலையைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள்.

பதினொரு மணிக்குக் கொடியேற்றம். வெயில் ஏறியது. நூற்றியொரு குடத்திலும் பால் எந்த நிமிஷமும் தயிராகலாம். அப்போது இடது பக்க வீலுக்கு வைத்த கல் 'நறுக்' என்று ஒரு விரல் அளவு நகர்ந்தது. அதை நானும் மாமாவும்தான் பார்த்தோம்.

நான் வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வேன். அத்தை குரல் அத்தை வாய் திறக்காமல் வந்தால், அன்றைக்கும் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். திறக்காவிட்டால் மாமாவும் வண்டியும் யானையும் பள்ளத்தில் கிடப்பார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீங்க? நான் மைக்கைத் தூக்கினேன்.

"வாய்யா..." என்றேன். "வா... வா..."

யானை வயிற்றிலிருந்து வந்தது அக்கா, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி. நூத்தம்பது பேரும் கப்சிப். யாரோ, "ஆத்தா பேசிட்டா!" என்று தரையில் விழுந்தார். மேளக்காரர் விழுந்தார். தலைவர் விழுந்தார். என்னை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் யானையைப் பார்த்து விழுந்துகொண்டிருந்தார்கள். யானைக் கால் இடுக்கு வழியாக மாமா முகம் கண்ணாடியில் ஒரு கீற்று தெரிந்தது. சிரித்தார். இருபத்துமூன்று நாள் கழித்து அத்தை பேசிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். எனக்கு என்னவோ போல இருந்தது. பசியாக இருக்கும்.

ரெண்டு பேர் கல்லை எடுத்தார்கள். பத்தடி, இருபது அடி, கோடு போட்ட மாதிரி இறங்கினார். முப்பதாவது அடியில் வளைவு. பாறைப் பக்கம் வால் போகணும். "ஓடைப்பக்கம் ஒடி" என்றேன்.

வால் பள்ளத்துப் பக்கம் போனது.

அதுக்கு நான் என்னக்கா செய்வேன்? அத்தை எப்போதும் பிக்கப்பைப் பார்த்து நிற்பாள். நான் அதையெல்லாம் எதிர் ஜன்னலிலிருந்து பார்த்துப் படித்தவள். எனக்கு ஓடை இருக்கிற கை வேறு, அவளுக்கு ஓடை இருக்கிற கை வேறு. அந்த ரோடு எங்கள் வீட்டுக்கு ஒத்து வராமல் திரும்பி நிற்கிறது, அது என் தப்பா? தப்பு செய்கிறோமோ என்று பயந்துபோய் நான் இன்னும் சத்தமாக, "ஓடைப்பக்கம், ஓடைப்பக்கம், வா, வா!" என்றேன். ட்ரெய்லரின் பள்ளத்துப் பக்க வீல் விளிம்பிலிருந்த கல்லை உதைத்துக் கீழே தள்ளியது. சிங்காரியின் தும்பிக்கை வெறும் காற்றுக்கு மேல் தொங்கியது. காது ரெண்டும் சந்தோஷமாக ஆடிக்கொண்டே இருந்தது. ஊர் இன்னும் தரையில் கிடந்து கும்பிட்டுக்கொண்டிருந்தது.

அத்தை தலையிலிருந்த குடத்தை எடுத்து, அப்போதுதான் எழுந்த தலைவர் தலையில் வைத்தாள். ஓடி வந்தாள். உள்ளங்கையை விரித்து ட்ரெய்லர் பலகையில் ஒரே ஒரு அடி.

டம்!

யானை வயிறு அத்தை குரலில் "வா வா" என்கிறது. மாமா வண்டியை நிறுத்திவிட்டார். அப்படியே, ஒரு அங்குலம் நகராமல்.

"ஓடைப்பக்கம்னா இந்தப் பக்கம்டி, கூறுகெட்டவளே!" இது நிஜ அத்தை. என்னைப் பார்க்காமலே சொன்னாள், பலகையில் கையை வைத்தபடி. அப்புறம் அவளே நின்று, "வீட்டுப்பக்கம் வாய்யா... பயப்படாத, நான் இருக்கேன்... வா..." என்று புளியமரம் வரைக்கும் கொண்டுபோனாள். அங்கே யானையைத் திருப்பி, தலை முன்னால் வர ஏற்றினார்கள். சிங்காரி பிக்கப்பின் பின்பக்கத்தை மோந்துகொண்டே பூ மாதிரி மலை ஏறினாள். தலைவர் பால்குடம் எடுத்த ஒரே கமிட்டித் தலைவர் என்று பேர் வாங்கினார். "அதாவது, நேர்த்திக்கடன்" என்று சொல்லிக்கொண்டார்.

மேலே போய் இறங்கியதும் மாமா என் முன்னால் வந்து நின்றார். "அன்னைக்கும் நீதானா?"

எனக்கு என் குரலே வரவில்லை அக்கா. தேடிப் பார்த்தேன், எல்லார் குரலும் இருந்தது, என்னுடையது மட்டும் இல்லை. "அதாவது... க்ஹும்..." என்றேன், தலைவர் குரலில்.

மாமா என்னை அடிக்கவில்லை. திட்டவுமில்லை. அத்தை பக்கம் திரும்பினார். "முத்து, நீ அன்னைக்குத் தட்டுனது எனக்குத் தெரிஞ்சுச்சு. சீட்டுக்கு அடியில டம்முனு வந்துச்சு. ஆனா கொரலு வான்னுச்சா, நான் கொரல நம்பிட்டேன். மிஷின் ஒடஞ்சதும் பயந்துபோயி, நீ தட்டலன்னு சொல்லிட்டேன்."

 அத்தை பேச ஆரம்பித்தாள். ரெண்டு நாள் நிறுத்தவில்லை. இருபத்துமூன்று நாள் பாக்கி, பதினெட்டு வருஷப் பாக்கி, எல்லாம். மாமா "ம்" என்று கேட்டுக்கொண்டே அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் அத்தைக்குத் தொண்டை கட்டிக்கொண்டு காற்றுதான் வந்தது.

இப்போது சொல்லுங்க. பொய் சொன்னவர் மாமா, ஒப்புக்கொண்டவர் மாமா. ஊருக்கு அனுப்பப்பட்டது யார்? நான். "பரீட்ச முடிஞ்சிருச்சுல்ல, அம்மாவப் போயிப் பாத்துட்டு வா" என்று மாமா சொல்கிறார். எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்கிறார்கள், நடுவில் நான் எதற்கு? திறமைக்கு எங்கேயும் இடமில்லை. முறுக்கு மட்டும் ரெண்டு டப்பா கட்டிக் கொடுத்தாள் அத்தை. எடுத்துக்கோங்க.

இருங்கக்கா, ஃபோன் அடிக்குது. அத்தை!

ஹலோ... அத்தை? சத்தமா பேசுங்க... ஓ, இன்னும் காத்துதான் வருதா... என்னது, சிங்காரியவா? அடிவாரத்துக்குக் கொண்டுவந்தாச்சா... கொட்டகைக்குள்ள ரிவர்ஸ்ல விடணுமா? ... யாரு கத்துறா? தலைவரா? ... மாமா எடுக்க மாட்டேங்கறாரா? கொரலு வேணுமாமா?

நானா?

பஸ்ல இருக்கேன் அத்தை... சரி... சரி... மாமாவும் லைன்ல இருக்காரா? நீங்க ரகசியமா சொல்லச் சொல்ல நான் உங்க கொரல்ல சத்தமா சொல்லணும். தட்டுறது நீங்க. தட்டுனா நிறுத்தணும். ஆமா. சத்தியமா. தட்டுனா நிறுத்திருவேன்.

என்னக்கா? ... அத்தை ரகசியமா பேசுறது எனக்குக் கேட்டா, அதே லைன்ல இருக்கிற மாமாவுக்கும் கேக்குமேன்னா? கேக்கும்தான். அப்ப எதுக்கு என்னைய... அக்கா, நீங்க சும்மா இருங்கக்கா, அங்க யானை நடுரோட்டுல நிக்குது!

இந்த உள்ளங்கையப் பாருங்க, அழிஞ்சிருச்சா? 'ஓடை – மாமா சோத்துக்கை.' இருக்கு, இருக்கு. முறுக்கப் பிடிங்க.

வாய்யா... வா... வா...

பாட்டி, உங்களையில்ல, திரும்பிக்கங்க. வா... ஓடைப்பக்கம் ஒடி... அம்புட்டு வேணாம்... வீட்டுப்பக்கம் கொஞ்சம்... கண்டக்டர் சார், ஒரே நிமிசம் சார், யானை சார்... வா... வா... எடம் கெடக்கு, நெஜமாவே கெடக்கு, அத்தை சொல்றாங்க... வா...

டம்!

கேட்டுச்சாக்கா? கேட்டுச்சா?

நில்லுய்யா!

...நின்னுட்டாரு. அத்தை, நின்னுட்டாருல்ல? உள்ள போயிருச்சா? ... ம்... ம்... சரி அத்தை. பள்ளிக்கூடம் தொறக்குறதுக்கு முன்னாடியேவா? திங்கக்கெழமையேவா? சரி அத்தை. எனக்கு ஒண்ணுமில்ல, தொண்டையில முறுக்கு.

அய்யய்யோ, பஸ்ஸு ஏன் நின்னுச்சு? சார், விசில் நான் அடிக்கல சார்! நில்லுன்னது எங்க மாமாவ!

சரி, நின்னதும் நல்லதுதான், பாருங்க, தேவதானப்பட்டி. எறங்குங்கக்கா. எறங்குனதும் வெளியிலிருந்து பஸ்ஸ ரெண்டு தட்டு தட்டிருங்க. இந்த டிரைவர் இனிமே விசில நம்ப மாட்டாரு.